எந்த இலையைத் தின்கிறது அது?

கேள்வி: ஆறு வருடமாகப் பூ, பூச்சி என்று வரைந்து வருகிறேன். போனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துத்தான் வரைவேன். 'அச்சு அசல்' என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். என் ஓவிய ஆசிரியர் மட்டும் "உயிர் இல்லையேம்மா, மனசு இளகணும்" என்கிறார். இளகுவதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஆசிரியர் சொல்வது சரிதான். ஆனால் இளக வேண்டும் என்று நினைத்து யாராலும் இளக முடியாது. போனை உள்ளே வைத்துவிட்டு, வீட்டில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள். இலைமேல் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள், புழுவாக இருக்கும். தின்று பெருத்தபின் பச்சையாகிவிடும். ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போலச் சிவப்பாக ஒன்றை நீட்டும், நெடி வரும். பயத்தில் அது காட்டுகிற ஒரே ஆயுதம் அதுதான். கடைசியில், பனையேறி இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நிற்பது போல, தன் வாயால் நூற்ற இழையை உடம்பில் சுற்றிக்கொண்டு குச்சியில் சாய்ந்தபடி கூட்டுப்புழுவாகும். அந்தச் சாய்வைக் கண்ணால் பார்த்த பிறகு உங்கள் கோடு மாறும்.

மரியா சிபில்லா மெரியன் என்றொரு ஓவியர். 1647-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். 13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். அழுகலிலிருந்து பூச்சிகள் தாமாகவே பிறக்கின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. இவரோ, எந்தப் புழு எந்த இலையைத் தின்னும் என்று தேடித் தேடிக் கொண்டுவந்து போட்டார். சரியான இலை கிடைக்காவிட்டால் புழு செத்துப்போகும். வீட்டுக்கு வந்தவரிடம் நாம் முதலில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறோமே, அதே கேள்விதான். ஆர்வமும் அக்கறையும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன. முட்டை, புழு, கூடு, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் அவை தின்னும் செடியோடு சேர்த்தே வரைந்தார்.

1699-ல், 52 வயதில், இளைய மகளுடன் கப்பலேறித் தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் வசமிருந்த சூரினாமுக்குப் போனார். அங்கே அவர் வரைந்தவற்றில் ஒன்று மயில்கொன்றை. நம் ஊரிலும் பள்ளிக்கூட வாசலில், ரோட்டோரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்குமே, அதே செடி. 1705-ல் வெளியான நூலில், அந்தப் படத்துக்கான குறிப்பில், கொடுமைக்குள்ளான அடிமைப் பெண்கள் தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாதென்று இதன் விதையால் கருவைக் கலைத்துக்கொள்கிறார்கள் என்றும், இதை அவர்களே தன்னிடம் சொன்னார்கள் என்றும் எழுதினார். அவருக்கும் அடிமைகள்தாம் காட்டில் வழி வெட்டிக் கொடுத்தார்கள். அந்தக் குற்றத்தை நான் மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு பூவைப் பற்றி விசாரிக்கப் போனவர், அந்தப் பெண்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். அதை விடாமல் எழுதியும் வைத்தார். அந்தப் பக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நீங்கள் ஒரு மாதம் ஒரே செடியை எடுத்துக்கொள்ளுங்கள். எது வந்து உட்கார்ந்தது, எந்த இலை கடிபட்டது என்று படத்தின் ஓரத்திலேயே எழுதுங்கள். மல்லிகை என்றால், இருட்டோடு எழுந்து மொட்டுப் பறிக்கிறவர்களிடம் போய்ப் பேசுங்கள். எந்தப் பதத்தில் கிள்ளுவார்கள், விரல் நுனி எப்படி வலிக்கும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் அந்த ஓரத்திலேயே எழுதிவையுங்கள்.

போனைப் பார்த்து வரைந்த பழைய படங்களைக் கிழித்துவிடாதீர்கள். உங்கள் கை பழகியது அவற்றில்தான்.