டிராயருக்குள் இருந்த நோட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் வேலை, அதாவது ஒரு மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டறிந்து வகுத்துக் கொடுக்கும் வேலை, கிடைத்திருக்கிறது. “புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் மதிப்பு, இது நாலு பேரிடம் கேட்டு எழுதிக் கொடுக்கிற வேலை” என்கிறார்கள் உறவினர்கள். இனி புரோகிராமையே ஏஐ எழுதிவிடும், அனலிஸ்ட் எதற்கு என்றும் கேட்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகளுக்கு என் வாழ்த்துகள். உறவினர்கள் சொல்வது சரி, நாலு பேரிடம் கேட்டு எழுதுகிற வேலைதான். அந்த நாலு பேர் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நானும் சில வருடங்கள் அந்த வேலை பார்த்தவன். ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்குக்கு மென்பொருள் செய்தோம். மருந்து வரும், இருப்பில் ஏறும். வார்டுக்குப் போகும், இருப்பில் குறையும். அவ்வளவுதான் என்றார் மேலாளர். இருந்தாலும் இரண்டு நாள் கிடங்கில் போய் உட்கார்ந்தேன். அங்கே வேலை பார்த்த அம்மா அவ்வப்போது டிராயரிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். என்னம்மா இது என்று கேட்டேன். “நைட் டூட்டி நர்ஸுங்க மீந்த ஊசி மருந்தைத் திருப்பிக் கொடுப்பாங்க சார், அதோட கணக்கு.”

அப்படி ஒரு நோட்டு இருப்பதே மேலாளருக்குத் தெரியாது. நாங்களும் பார்க்காமல் விட்டிருந்தால், அலமாரியில் மருந்து இருக்கும்போதே ‘இருப்பு இல்லை’ என்று திரை காட்டியிருக்கும். பேரேட்டில் பிழை இருந்தால் அந்த அம்மா எழுந்துபோய் அலமாரியைப் பார்த்துவிடுவார். ‘இல்லை’ என்று கணினி சொல்லிவிட்டால் யாரும் எழுந்துபோவதில்லை. இன்று சம்பளம், மருந்து, ரயில், வங்கி எல்லாமே அந்தத் திரையை நம்பித்தான் ஓடுகின்றன. எனக்குப் பயம் தருவது அதுதான்.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26 அன்று வண்டிகளை அனுப்பும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு வண்டியும் எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்பது ஏறக்குறையப் பிழையில்லாமல் தெரிந்தால்தான் அந்த அமைப்பு ஓடும். நிஜத்தில் ரேடியோ எட்டாத இடம் உண்டு, வண்டியின் நிலையைத் தெரிவிக்கும் பொத்தானை அவசரத்தில் மாற்றி அழுத்துகிற ஊழியர் உண்டு. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. வண்டி வராதவர்கள் மறுபடி மறுபடி அழைத்தார்கள், நெரிசல் இன்னும் கூடியது. மறுநாளே பாதி வேலையைக் கையால் செய்யும் முறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. வண்டிக்குள் இருப்பவர்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை அந்த வடிவமைப்பு போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை.

ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். சொன்னதை அது வேகமாக எழுதித் தரும், மறுக்கவில்லை. ஆனால் டிராயருக்குள் இருக்கும் நோட்டைப் பற்றி யாரும் அதனிடம் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அந்த அம்மாவுக்கே தோன்றியதில்லையே! தவறாகப் புரிந்துகொண்ட தேவை முன்பு ஆறு மாதத்தில் மென்பொருளாகும். இனி ஒரே வாரத்தில் ஆகிவிடும்.

மேலாளர் சொல்வதை மகள் எழுதிக்கொள்ளட்டும். அப்புறம் ஒரு நாள் இரவு ஷிஃப்டில் போய் உட்காரச் சொல்லுங்கள். நாங்கள் ‘திரும்ப வந்தது’ என்று ஒரு பதிவைச் சேர்த்த பிறகும், அந்த அம்மா மூன்று மாதம் நோட்டிலும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். இரண்டு கணக்கும் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகே நோட்டை என்னிடம் கொடுத்தார்.