ஜார்ஜியாவின் ஒயின் கிராமங்களுக்குப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி - பதில்

காக்கசஸ் மலைநாடான ஜார்ஜியாவின் திராட்சைத் தோட்டங்களையும் ஒயின் நிலவறைகளையும் பார்க்க விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் ஜார்ஜியா செல்லவிருக்கிறோம். தலைநகர் திபிலீசியிலிருந்து காலையில் அழைத்துச் சென்று, ஐந்து ஒயின் ஆலைகளைக் காட்டி, இரவில் திரும்பக் கொண்டுவந்து விடும் சுற்றுலா ஒன்றைப் பரிந்துரைக்கிறார்கள். அது போதுமா?
- ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்

பதில்: போதாது. மூன்றாவது ஆலைக்குள் நுழையும்போதே நாக்கு சுவையைப் பிரித்தறியும் ஆற்றலை இழந்துவிடும்; அதன் பிறகு பார்ப்பதெல்லாம் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் எஃகுத் தொட்டிகளும் விற்பனைக் கூடங்களும்தான். ஒரே வட்டாரத்தில் மூன்று நான்கு இரவுகள் தங்கி, நாளொன்றுக்கு இரண்டு இடங்களுக்கு மேல் போகாமல், அந்த இரண்டில் ஒன்றாவது ஒரு குடும்பம் தன் வீட்டோடு வைத்து நடத்தும் சிறு நிலவறையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டின் ஒயினை அறிவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் முறை போகிறவர்களுக்கு ஏற்ற வட்டாரம் நாட்டின் கிழக்கிலுள்ள கஹேத்தி. ஜார்ஜியாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி இங்குதான் இருக்கிறது. அலசானி ஆறு ஓடும் அகன்ற பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் கொம்போரி மலைத்தொடரும், மறுபக்கம் பனி மூடிய பெருங்காக்கசஸும் நிற்கின்றன. வடக்கிலிருந்து வரும் கடுங்குளிரைப் பெருமலை தடுத்துவிடுவதால், பள்ளத்தாக்கில் திராட்சை முழுமையாகப் பழுக்கிறது.

தங்குவதற்குச் சிக்னாகியும் தெலாவியும் உள்ளன. குன்றின் மேல் அமைந்த சிக்னாகியைச் சுற்றிப் பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் எரெக்லே மன்னர் காலத்தில் கட்டப்பட்ட மதில் ஓடுகிறது. அதன் மேல் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அழகு வேண்டுமென்றால் அங்கே தங்கலாம். ஆனால் நிலவறைகளைப் பார்ப்பதே உங்கள் முதல் நோக்கம் என்றால், கஹேத்தியின் நிர்வாகத் தலைநகரான தெலாவியையே நான் பரிந்துரைப்பேன். அங்கிருந்து சினந்தாலி, அலவெர்தி, இகால்தோ, க்வாரெலி ஆகிய எல்லா இடங்களும் சிறு பயணத்தில் எட்டக்கூடியவை. ஊரும் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒப்பனை செய்துகொள்ளாமல் தன்போக்கில் இயங்குகிறது.

சினந்தாலியில் கவிஞர் அலெக்சாந்தர் சாவ்சாவத்சேயின் (1786-1846) மாளிகையும் தோட்டமும் இன்று அருங்காட்சியகமாக இருக்கின்றன. ஐரோப்பிய முறையில் ஒயின் தயாரித்துப் புட்டியில் அடைக்கும் வழக்கம் இந்த நாட்டில் வேரூன்றிய இடங்களுள் இது முதன்மையானது. இதையும், அதே நாளில் மண்ணில் புதைத்த தாழியில் ஒயின் செய்யும் ஏதேனும் ஒரு கிராமத்து நிலவறையையும் பார்த்தால், ஜார்ஜிய ஒயினின் இரண்டு வேறுபட்ட மரபுகளை நீங்களே ஒப்பிட்டு உணரலாம். க்வாரெலியில் சோவியத் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த நீண்ட சுரங்கங்கள் இன்று ஒயின் சேமிப்பு அறைகளாகப் பயன்படுகின்றன. கோடையிலும் உள்ளே குளிரும் என்பதால் மேலாடை எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஜார்ஜியாவில் எண்ணாயிரம் ஆண்டுகளாக மண்ணுக்குள் தாழிகளைப் புதைத்து ஒயின் தயாரிக்கிறார்கள் என்று படித்தேன். இது உண்மையா, விளம்பரமா? அந்தத் தாழியில் அப்படி என்ன சிறப்பு?
- வரலாறு கற்பிக்கும் ஆசிரியை ஒருவர்

பதில்: இரண்டு செய்திகள் இங்கே ஒன்றாகக் கலந்திருக்கின்றன. திபிலீசிக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கதாச்ரிலி கோரா, சுலாவேரிஸ் கோரா என்னும் புதிய கற்கால மேடுகளில் கிடைத்த மட்பாண்ட ஓடுகளில், திராட்சைக்குரிய டார்டாரிக் அமிலத்தின் எச்சங்கள் இருப்பதை 2017-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தப் பாண்டங்கள் கி.மு. 6000-ஐ ஒட்டிய காலத்தவை. ஆகவே திராட்சை ஒயினின் தொன்மை எண்ணாயிரம் ஆண்டு என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. ஆனால் இன்று நாம் காணும் பெரிய புதைதாழி, அதாவது க்வெவ்ரி, அன்றே இதே வடிவில் இருந்தது என்று பொருளல்ல. அது பின்னாளில் படிப்படியாக வளர்ந்த கலை. 2013-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்தத் தாழிமுறைத் தயாரிப்பைத்தான்.

க்வெவ்ரி என்பது கழுத்தளவு மண்ணில் புதைக்கப்பட்ட, அடி கூம்பிய, முட்டை வடிவச் சுடுமண் தாழி. சில நூறு லிட்டர் கொள்பவையும் உண்டு, சில ஆயிரம் லிட்டர் கொள்பவையும் உண்டு. சுட்டெடுத்த பிறகு சூடு முழுதும் ஆறுமுன் உட்புறத்தில் தேன்மெழுகைப் பூசுகிறார்கள். மெழுகு நுண்துளைகளுக்குள் இறங்கி அவற்றைப் பெருமளவு அடைத்துவிடுகிறது. தாழிகள் புதைக்கப்பட்டிருக்கும் கூடத்துக்கு மரானி என்று பெயர்.

கஹேத்தி முறையில் திராட்சையை மிதித்துச் சாற்றைத் தோல், விதை, காம்பு ஆகியவற்றோடு சேர்த்தே தாழியில் விடுகிறார்கள். தோலின் மேல் இயற்கையாகவே இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்களால் சாறு பொங்கத் தொடங்கும். அந்த நாட்களில் மேலே மிதந்து வரும் தோல் அடுக்கை ஒரு கோலால் நாள்தோறும் பலமுறை உள்ளே அமிழ்த்த வேண்டும். பொங்குதல் அடங்கியதும் தோல்கள் தாமே கீழே இறங்கும். அப்போது வாயைக் கல்லால் மூடி, ஈரக் களிமண்ணால் பூசி அடைத்துவிட்டு, வசந்தகாலம் வரை ஏறத்தாழ ஐந்தாறு மாதங்கள் விட்டுவிடுகிறார்கள். சுற்றியுள்ள மண் வெப்பத்தை ஒரே சீராக வைத்திருக்கிறது. கூம்பிய அடியில் விதைகள் முதலில் போய்ச் சேர, அவற்றின் மேல் தோல்கள் படிந்து மூடிக்கொள்வதால், விதையின் கசப்பு அளவுக்கு மீறி ஒயினில் இறங்குவதில்லை. யாரும் குளிரூட்டாமல், வடிகட்டாமல், தாழியின் வடிவமே இந்த வேலைகளைச் செய்துவிடுவதுதான் என்னை மிகவும் வியக்கவைப்பது.

வெள்ளைத் திராட்சையை இப்படித் தோலோடு ஊறவிடும்போது ஒயின் வெளிர் நிறமாக இராமல் தேன் போன்ற அம்பர் நிறத்தில், தேநீரைப் போன்ற துவர்ப்போடு வருகிறது. முதல் வாய்க்குச் சிலருக்குப் பிடிக்காது. வெறும் வயிற்றில் அருந்தாமல், அவர்கள் தரும் பாலாடைக்கட்டியோடும் அக்ரோட்டோடும் சேர்த்து அருந்திப் பாருங்கள். அந்தத் துவர்ப்பு எதற்கு என்பது அப்போது விளங்கும்.

நாட்டின் மொத்த உற்பத்தியில் தாழி ஒயினின் பங்கு சிறிதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். சோவியத் ஆட்சியில் உற்பத்தி பெரிய ஆலைகளின் கைக்குப் போனது. 1985-இல் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் ஏராளமான கொடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன. 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்தபோது முதன்மைச் சந்தையே மூடிக்கொண்டது. அத்தடை 2013-இல்தான் நீங்கியது. இவ்வளவுக்கும் இடையில் இந்தக் கலையைக் காத்தவை, தங்கள் வீட்டுத் தேவைக்காக ஆண்டுதோறும் தாழியைத் திறந்து மூடிவந்த கிராமத்துக் குடும்பங்கள். சிறு நிலவறைகளுக்குப் போகுமாறு நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

கேள்வி: எந்த மாதத்தில் போவது நல்லது?

பதில்: அறுவடையைப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை கஹேத்திக்குப் போகலாம். இந்த அறுவடைக் காலத்தை ரித்வேலி என்கிறார்கள். உறவினரும் அண்டை வீட்டாரும் ஒன்றுகூடிப் பழம் பறிப்பார்கள், விருந்தினரையும் சேர்த்துக்கொள்வார்கள். விடுதிகளை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். கூட்டமில்லாமல் உரையாட விரும்புகிறவர்களுக்கு, தாழிகள் திறக்கப்பட்டிருக்கும் மே மாதம் ஏற்றது.

கேள்வி: புட்டிகளின் மேல் உள்ள பெயர்கள் குழப்புகின்றன. எவை திராட்சையின் பெயர்கள், எவை ஊரின் பெயர்கள்? கஹேத்தியைத் தவிர வேறு எங்கே போகலாம்?
- மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகர்

பதில்: ஜார்ஜியாவுக்கே உரிய திராட்சை வகைகள் ஐந்நூறுக்கும் மேல் உண்டு, ஆனால் பயணிக்கு முதலில் இரண்டு தெரிந்தால் போதும். சப்பெராவி கருந்திராட்சை, பெரும்பாலான கருந்திராட்சைகளின் சதை நிறமற்றிருக்க, இதன் சதையே சிவப்பாக இருப்பதால் ஒயின் மையைப் போல் அடர்ந்து வரும். ரிகட்சிதேலி வெள்ளைத் திராட்சை. அம்பர் ஒயினில் பெரும்பகுதி இதிலிருந்து வருகிறது. கிஸி, மிட்ஸ்வானே என்னும் வெள்ளை வகைகள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மற்ற பெயர்களில் பல, சட்டப்படி எல்லை வரையறுக்கப்பட்ட ஊர்ப்பெயர்கள். சினந்தாலி என்றால் ரிகட்சிதேலியும் மிட்ஸ்வானேயும் கலந்த, இனிப்பில்லாத வெள்ளை ஒயின். முக்குசானி, கிந்த்ஸ்மராவுலி இரண்டும் சப்பெராவியில் செய்பவையே. முன்னது இனிப்பற்றது, ஓக் மரப் பீப்பாயில் முதிர்ந்தது, பின்னது இயல்பான அரை இனிப்பு உடையது. ஆகவே புட்டியின் மேல் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால், என்ன திராட்சை, இனிப்பு உண்டா, தாழியில் செய்ததா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கும் பயணியிடம் நிலவறைக்காரர்கள் காட்டும் அக்கறையே வேறு.

மேற்கில் இமெரெத்தி வட்டாரத்துக்குக் குத்தாயிசி நகரிலிருந்து போகலாம். அங்கே தாழியில் தோலை முழுவதும் சேர்ப்பதில்லை, ஒரு பகுதியை மட்டும் சேர்த்துக் குறைந்த காலமே ஊறவிடுகிறார்கள். சிட்ஸ்கா, சோலிகவுரி முதலான திராட்சைகளில் வரும் ஒயின் இலகுவாகவும் புளிப்புத் தூக்கலாகவும் இருக்கும். கஹேத்தியின் துவர்ப்பு ஒத்துவராதவர்கள் இதை விரும்புவார்கள். வடக்கே மலைகளுக்கிடையில் உள்ள ராச்சாவில் குவாஞ்ச்காரா என்னும் அரை இனிப்புச் சிவப்பு ஒயின் விளைகிறது. பத்து நாட்கள் இருந்தால் கஹேத்தியையும் இமெரெத்தியையும் பாருங்கள். ராச்சாவையும் அதற்குள் நுழைத்தால் பாதி நேரம் சாலையில் கழிந்துவிடும்.

கேள்வி: என் கணவருக்கு ஒயினில் ஆர்வம் உண்டு, நான் மது அருந்துவதில்லை. அவருடன் போனால் எனக்குச் சலிப்பாக இருக்குமா?
- இல்லத்தரசி ஒருவர்

பதில்: தயங்காமல் போய் வாருங்கள். ஜார்ஜியாவில் திராட்சைக் கொடி சமயத்தோடும் ஓவியத்தோடும் உணவோடும் பின்னிக்கிடக்கிறது. நான்காம் நூற்றாண்டில் அந்நாட்டுக்குக் கிறித்துவத்தைக் கொண்டுவந்த புனித நினோ, திராட்சைக் கொடித் தண்டுகளைத் தம் கூந்தலால் கட்டிச் சிலுவை செய்தார் என்பது மரபு. அவருடைய கல்லறை சிக்னாகிக்கு அருகில் போத்பே மடத்தில் இருக்கிறது. தெலாவிக்கு வடக்கே பதினோராம் நூற்றாண்டில் எழுந்த அலவெர்தி பேராலயத்தில் துறவிகள் இன்றும் தாழியில் ஒயின் தயாரிக்கிறார்கள். அங்கே பெண்கள் தலையை மூடி, நீண்ட பாவாடை அணிந்து செல்வது முறை. இகால்தோவில் பழைய கல்விக்கூடத்தின் இடிபாடுகளுக்கு நடுவே பழந்தாழிகள் கிடப்பதைக் காணலாம். சிக்னாகி அருங்காட்சியகத்தில், விருந்துக் காட்சிகளை விரும்பி வரைந்த நிகோ பிரோஸ்மானியின் ஓவியங்கள் இருக்கின்றன.

தெலாவியை ஒட்டிய வர்திசுபானியில் தாழி வனையும் குயவர்கள் இருக்கிறார்கள். சக்கரம் இல்லாமல் களிமண் திரிகளை வளையம் வளையமாக அடுக்கி, ஆளுயரத்தைத் தாண்டிய தாழியைக் கையாலேயே எழுப்புகிறார்கள். ஈரம் காயக் காயத்தான் அடுத்த வளையத்தை ஏற்ற முடியும் என்பதால் ஒரு தாழிக்குப் பல வாரங்கள் ஆகின்றன. இதைக் காண ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். நூலில் கோத்த அக்ரோட்டை, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் தோய்த்து உலர்த்தும் சுர்ச்கேலாவும் அறுவடை நாட்களில்தான் புதிதாகக் கிடைக்கும். அதில் மது இல்லை.

கேள்வி: கிராமத்து வீட்டில் விருந்துக்கு அழைத்தால் எப்படி நடந்துகொள்வது? மறுத்தால் வருந்துவார்களா?

பதில்: சுப்ரா எனப்படும் அந்த விருந்துக்குத் தமதா என்னும் தலைவர் ஒருவர் இருப்பார். அமைதிக்காக, நாட்டுக்காக, மறைந்தோருக்காக, குழந்தைகளுக்காக என்று அவர் ஒவ்வொன்றாக வாழ்த்துரைக்க, மற்றவர்கள் அதன் பிறகே கிண்ணத்தை எடுப்பார்கள். அவர் பேசும்போது குறுக்கே பேசுவதும், வாழ்த்துக்கு முன்பே தனியாகக் குடிப்பதும் மரியாதை ஆகாது. உங்கள் முறை வரும்போது இரண்டு வாக்கியமாவது மனதாரச் சொல்லுங்கள். அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அருந்தும் அளவைக் குறைத்துக்கொள்ள விரும்பினால் தொடக்கத்திலேயே பணிவாகத் தெரிவித்துவிட்டு, வாழ்த்தின்போது கிண்ணத்தை உயர்த்தி உதட்டில் வைத்தால் போதும். தோல் சக்கையிலிருந்து காய்ச்சி வடிக்கும் சாச்சாவில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்; வீட்டுச் சாச்சாவில் சாராயம் 40 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். விருந்தினர் எதிர்பாராத நேரத்தில் பாடல் எழும்பலாம். ஜார்ஜியர்களின் பல்குரல் பாடலும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதை மேடையில் கேட்பதைவிட இப்படிக் கேட்பதே சிறந்தது.

கேள்வி: வாடகைக் காரை நாங்களே ஓட்டிச் செல்லலாமா? ஒயினை எப்படி எடுத்து வருவது?

பதில்: சுவைக்கப் போகும் நாளில் ஓட்ட வேண்டாம், மது அருந்திவிட்டு ஓட்டுவதற்கு அங்கே கடும் தண்டனை உண்டு. மார்ஷ்ருத்கா என்னும் சிறு பேருந்துகள் திபிலீசியிலிருந்து தெலாவிக்கும் சிக்னாகிக்கும் வருகின்றன, ஆனால் அவை நிலவறை வாசல் வரை போவதில்லை. தெலாவியில் தங்கும் விடுதியிலேயே சொல்லி, ஒரு முழு நாளுக்கு ஓட்டுநரோடு கார் அமர்த்திக்கொள்வது நல்லது. சிறு நிலவறைகளுக்கு முந்தைய நாளே தொலைபேசியில் தெரிவித்துவிடுங்கள். பல இடங்களில் அட்டை செல்லாது என்பதால் ஜார்ஜிய நாணயமான லாரியைப் பணமாகக் கையில் வைத்திருங்கள். சுவைப்பதற்கான கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்பதில் தவறில்லை.

வீடுகளில் நெகிழிப் புட்டியில் ஊற்றித் தரும் ஒயின் அங்கேயே சில நாட்களில் அருந்துவதற்கு உரியது. பயணத்துக்கு, தக்கையிட்டு முத்திரையிட்ட கண்ணாடிப் புட்டியையே வாங்குங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள் என்பதால், துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். வடிகட்டாத தாழி ஒயினின் அடியில் மண்டி படிந்திருப்பது இயல்பு. வீடு வந்ததும் ஓரிரு நாள் புட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மண்டி தெளிந்த பிறகு திறவுங்கள். அம்பர் ஒயினை மிகவும் குளிரவைத்தால் துவர்ப்பு மட்டுமே முன்னிற்கும்.