அந்த வயலைக் கடந்திருக்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் இங்கிலாந்தில், ரெடிங்கில் வசிக்கிறோம். அடுத்த வாரம் இரண்டு நாள் டார்செட் போகிறோம். அங்கே மிக அழகான கடலோரப் பாதை எது? டர்டில் டோர் என்ற கடலோரப் பாறை வளைவை மட்டும் பார்த்தால் போதுமா? மழைக்கு எந்த ஷூ நல்லது? போன மாதம் வேறொரு கிராமத்தில் நடக்கப்போனோம். பாதை ஒரு பார்லி வயலுக்குள் போனது. கேட்டில் மஞ்சள் அம்புக்குறி இருந்தது. ஆனால் தூரத்தில் ஒருவர் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அனுமதி கேட்கலாம் என்று காத்திருந்தோம், அவர் எங்களைப் பார்க்கவில்லை. அடுத்தவர் நிலமாயிற்றே என்று திரும்பிவிட்டோம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வழுக்காத ஷூ எதுவானாலும் சரி. மழை வந்தால் நனையுங்கள். டர்டில் டோர் அழகுதான், பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிகளுக்காக. சில வாரங்களாக இங்கிலாந்தின் வயல்வழிகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து, கேட் வரை போய்த் திரும்பிவிட்டோம் என்று எழுதுகிறீர்கள். கோபம் வந்தது, மறைக்கவில்லை.

அந்த மஞ்சள் அம்பு, இது பொதுவழி என்பதற்கான அடையாளம். நிலம் அந்த விவசாயியுடையது, அதில் நடந்து கடக்கும் உரிமை உங்களுடையது. வயலுக்கு நடுவே போகும் அப்படிப்பட்ட வழியை விதைப்புக்காக உழுதால், 14 நாட்களுக்குள் அவரே அதைச் சீராக்கித் தரவேண்டும். குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குப் பயிர் மறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டம் அவரிடம் இவ்வளவு கேட்கிறது. நீங்களோ அவர் தலையசைப்புக்குக் காத்து நிற்கிறீர்கள்!

இந்த வழிகளை அரசு திட்டம் போட்டு வெட்டவில்லை. தேவாலயத்துக்கும் ஆலைக்கும் பக்கத்து ஊருக்கும் போனவர்களின் கால்கள் போட்டவை. பொதுவழிகளைப் பதிவு செய்யச் சொன்ன 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பல ஊர்களில் ஊர்க்காரர்களே நடந்து பார்த்துப் பட்டியல் எடுத்தார்கள், கவுண்டி நிர்வாகங்கள் வரைபடத்தில் ஏற்றின. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் 2,25,000 கிலோமீட்டர். வரைபடத்தில் ஏறாத வழிக்கும் இடமுண்டு. பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி நடந்திருந்தால் அது பொதுவழி ஆகிவிடும், நில உரிமையாளர் அதைப் பொதுவழியாக விடும் எண்ணம் தனக்கு இருந்ததில்லை என்று நிரூபித்தால் ஒழிய. ஆனால் எப்படி நடந்திருக்க வேண்டும் தெரியுமா? பலவந்தம் செய்யாமல், ஒளிந்து போகாமல், அனுமதி வாங்காமல். மூன்றாவதை இன்னொரு முறை படியுங்கள். அனுமதி வாங்கி நடந்த நடை அந்தக் கணக்கில் சேராது. உரிமையோடு நடந்தவர்களின் நடைதான் சேரும். நீங்கள் மரியாதை என்று நினைத்துச் செய்யப்போனது, அந்த வழியை உண்டாக்கியவர்கள் செய்யாத காரியம்.

உங்கள் தயக்கம் புரியாமல் இல்லை. வேற்று நாட்டில், நம் நிறத்தோடு, ஒருவர் வேலிக்குள் கால் வைக்கும்போது யாராவது அதட்டுவார்களோ என்று முதுகு கூசும். டார்செட்டின் வொர்த் மட்ரேவர்ஸ் கிராமத்தில் நானும் ஒரு கேட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். நாயோடு வந்த ஒரு மூதாட்டி கொண்டியைத் தூக்கினார், உள்ளே போனார், நான் வருவதற்காகக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கேள்வி இல்லை. அவர் பின்னாலேயே போனேன்.

அந்த ஊருக்கே போங்கள். வயல்வழியாக வின்ஸ்பிட்டுக்கு இறங்குங்கள். இரு பக்கக் குன்றுச் சரிவிலும் இடைக்கால உழவர்களின் படிநிலங்கள் புல் மூடிக் கிடக்கும். கீழே கைவிடப்பட்ட கல் குவாரி. அங்கிருந்து கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, 630 மைல் நீளமுள்ள தென்மேற்குக் கடலோரப் பாதையில் கிழக்கே நடந்தால் டான்சிங் லெட்ஜ், அதுவும் பழைய குவாரிதான். பர்பெக் கல் எனப்படும் அந்தப் பகுதிச் சுண்ணாம்புக்கல்லை வெட்டிப் படகில் ஏற்றிய பாறைவிளிம்பு அது. மேலே ஏறினால் பிரீஸ்ட்ஸ் வே. வொர்த்திலிருந்த பாதிரியார் ஸ்வானேஜுக்குப் பூசை செய்யப் போய்வந்த வழி. அதில் மேற்கே திரும்பினால் மறுபடி வொர்த். கல்வெட்டியும் பாதிரியாரும் நடந்த தடத்தில் விடுமுறைக்கு வந்த நீங்கள் நடக்கலாம், எவரும் தடுக்க முடியாது.

பறிபோன வழியும் அதே கரையில் உண்டு. 1943 டிசம்பரில் ராணுவம் டைனம் கிராமத்தைக் காலி செய்யச் சொன்னது. சுமார் 225 பேர் வெளியேறினார்கள். போர் முடிந்தும் ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. இன்றும் அது துப்பாக்கிப் பயிற்சி நிலம். பெரும்பாலான வார இறுதிகளிலும் சில விடுமுறை நாட்களிலும் மட்டும் நடக்க விடுகிறார்கள். டர்டில் டோருக்குப் பக்கத்து ஊரான லல்வொர்த்திலிருந்து கிழக்கே போவதானால் திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே பாருங்கள். சிவப்புக் கொடி பறந்தால் திரும்பிவிடுங்கள். திரும்ப வேண்டிய இடம் அதுதான்.

ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனத்தின் 1:25,000 வரைபடம் வாங்குங்கள். பச்சைக் கோடுகளாக விட்டுவிட்டு வரைந்திருப்பவை பொதுவழிகள். கேட்டைத் திறந்தால் மூடுங்கள், திறந்தே கிடந்தால் அப்படியே விடுங்கள். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே மட்டும் போகாதீர்கள், சுற்றிப் போங்கள்.