கைராசியும் வாய்ராசியும்

கேள்வி: எங்கள் வீட்டுத் திண்ணையில் தொட்டியில் வைத்திருந்த செம்பரத்தி, இரண்டு வருடமாக இலை மஞ்சளித்துக் கொட்டிக்கொண்டே இருந்தது; ஒரு பூ இல்லை. தினமும் இரண்டு நேரம் தண்ணீர், வாரம் ஒருமுறை பிண்ணாக்குக் கரைசல், இடையிடையே யூரியா என்று கொடுத்தும் பயனில்லை. வைகாசியில் மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்குப் புறப்பட்டபோது, செத்துவிட்டது என்று தொட்டியைக் கிணற்றடியில் தள்ளிவிட்டுப் போனோம். ஆடிக் கடைசியில் வந்து பார்த்தால் ஐந்து பூ! இடையில் பக்கத்து வீட்டு ஆடு நுனியைக் கடித்ததாகவும் சொன்னார்கள். கிணற்றடியில் கொண்டு வைத்தவள் நான், ஆகவே என் கைராசி என்கிறாள் மனைவி. வாங்கி நட்டவன் நான். கைராசி யாருக்கு?
– தக்கலை வாசகர்

பதில்: முதலில் ஒரு வீட்டுச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எங்கள் பிழைதிருத்துநர் ‘செம்பரத்தி’யைச் ‘செம்பருத்தி’ ஆக்குவதற்குப் பேனாவைத் திறந்துவிட்டார். நான் தடுத்துவிட்டேன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. செம்பரத்தி மட்டும் இன்னும் இணையவில்லை, அதை வற்புறுத்த நாம் யார்? ஆனால், ‘இந்தப் பூவுக்கும் பருத்திக்கும் என்ன உறவு’ என்று முன்பு எனக்கு வரிசையாக அஞ்சலட்டை எழுதிய புலவருக்கு ஒரு வார்த்தை: பருத்தி, வெண்டை, பூவரசு, செம்பருத்தி எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். வெண்டைப் பூவையும் பூவரசம் பூவையும் அருகருகே வைத்து, நடுவே மகரந்தக் காம்புகள் ஒன்றாய் ஒட்டிக் குழல்போல் நிற்பதைப் பார்த்தால் புலவருக்கும் புரியும்.

இனி உங்கள் கைராசிக்கு வருகிறேன். பூத்த காலத்தில் உங்கள் இருவரின் கைகளும் சென்னையில் இருந்தன என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செடி பிழைத்ததற்கு அதுவே முதற்காரணம்.

திண்ணையில் தொட்டி வைப்பவர்கள் தரையில் கறை படியாதிருக்க அடியில் ஒரு தட்டு வைப்பார்கள். நீங்களும் வைத்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். இரண்டு நேரத் தண்ணீரும் அந்தத் தட்டில் தேங்கி, மண்ணுக்குள் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் நிரப்பிவிடும். வேருக்கும் மூச்சு வேண்டும். மூச்சு கிடைக்காத வேர் அழுகுகிறது, அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, ஆகவே தண்ணீரில் நிற்கும் செடி தாகத்தால் வாடுவதுபோல் வாடுகிறது. வாடியதைக் கண்டு மனமிரங்கும் வீட்டுக்காரர் இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறார். நாகர்கோவிலில் என் வீட்டுப் பிச்சிப்பூச் செடியை நான் கொன்றது இவ்வாறுதான். பிடுங்கியபோது வேர் கறுத்து, தொட்டதும் தோலுரிந்து, சாக்கடை நாற்றம் நாறியது. யூரியாவும் பிண்ணாக்கும் சீக்காளிக்குப் பிரியாணி போட்ட கதை. அந்த உப்பெல்லாம் தொட்டி மண்ணில் சேர்ந்துகொண்டே போயிருக்கும்.

கிணற்றடியில் தட்டு இல்லை, கூரை இல்லை. திண்ணை நிழலில் கிடைக்காத வெயில் மழை ஓய்ந்த வேளைகளில் நேராக விழுந்தது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, மேலே பெய்து, தொட்டியின் அடித்துளை வழியாக உப்பைக் கழுவிக்கொண்டு போயிற்று. அழுகாமல் மிஞ்சியிருந்த இரண்டொரு வேர் புதிய வேர்களை விட்டது. இவ்வளவும் நடந்த பிறகுதான் நம் கதாநாயகன் உள்ளே வருகிறான்.

ஆட்டை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தம். கிளையின் நுனிமொட்டில் உருவாகும் ஆக்சின் என்னும் ஊக்கி, கீழேயுள்ள பக்கமொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனி போனால் அந்த அதிகாரமும் போகிறது, உறங்கிய மொட்டுகள் விழித்துப் புதுத்தளிர் விடுகின்றன. செம்பரத்தி பூப்பது புதுத்தளிரில்தான். தோவாளைப் பக்கம் பிச்சி பயிரிடுகிறவர்கள் கூலி கொடுத்துக் கவாத்து செய்யும் வேலையை, உங்கள் வீட்டில் ஓர் ஆடு கத்தரிக்கோல் இல்லாமல், சாயாகூடக் கேட்காமல் முடித்துக் கொடுத்திருக்கிறது. வேளாண் கல்லூரியில் படிக்காத குறை தவிர வேறு குறை சொல்ல முடியாது; படித்த சிலர் ஒரு கிளையை வெட்டும் முன் மூன்று கூட்டம் போடுவதைப் பார்த்தவன் என்ற முறையில் அதையும் குறையாகக் கொள்ள மாட்டேன். ஆகவே இது கைராசி அல்ல, வாய்ராசி. ஆனால் அதே ஆடு இன்னொரு முறை வந்து பட்டையையும் உரித்துத் தின்றால் செடி தேறாது. கவாத்துக்காரருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும், உங்கள் ஆட்டுக்கு அது தெரியுமா என்பதற்கு நான் உத்தரவாதம் இல்லை.

பூவைக் கண்டு உடனே மகிழவும் வேண்டாம். வேர் கெட்ட எலுமிச்சை சாவதற்கு முன் பூத்துக் குலுங்குவது உண்டு. தண்டில் ஓரிடத்தில் நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள்: பட்டைக்கடியில் ஈரப்பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக, காய்ந்த சுள்ளிபோல் இருந்தால் அதற்குக் கீழே இறங்கிக் கீறிக்கொண்டே வந்து, பச்சை தென்படும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். ஐந்து பூவோடு புதிய இலைகளும் கருப்பச்சையாக விரிந்திருந்தால் கவலை இல்லை.

தொட்டியை மறுபடி திண்ணைக்கு ஏற்ற வேண்டாம். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த விரல் யாருடையது என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். நான் ஆட்டின் கட்சி.