தகடு கிழிகிறது, படமோ எழும்பவில்லை: புடைப்புச் சித்திர வகுப்புக்குச் சில யோசனைகள்

கேள்வி: ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு அலுமினியத் தகட்டில் புடைப்புச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். சிலருக்குத் தகடு கிழிந்துவிடுகிறது. மற்றவர்களுக்குப் படம் எழும்பாமல் வெறும் கீறலாகவே நிற்கிறது. சமையலறை ஃபாயிலை மடித்தும் பார்த்துவிட்டோம். எழுத்துகள் வேறு தலைகீழாக வருகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் தகட்டைப் பார்த்துவிடுவோம். சமையலறை ஃபாயிலின் கனம் சுமார் 0.016 மி.மீ. தான். எத்தனை மடிப்பு மடித்தாலும் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும், ஒரே தகடாக வேலை செய்யாது. கைவினைக்கென்றே விற்கும் 36 கேஜ் அலுமினியத் தகடு வாங்குங்கள். அதன் கனம் ஏறக்குறைய 0.13 மி.மீ. கத்தரிக்கோலால் வெட்டலாம், அழுத்திய இடம் அழுத்தியபடியே நிற்கும். கேஜ் எண் கூடினால் தகடு மெலிதாகும், கடையில் இதை மறந்துவிட வேண்டாம். குளிர்பானக் கேனை வெட்டிப் பயன்படுத்தும் யோசனை வந்தால் தவிர்த்துவிடுங்கள். அது விறைப்பானது, விளிம்பும் கையைக் கிழிக்கும்.

இனி, படம் ஏன் எழும்பவில்லை என்பது. பெரும்பாலான பிள்ளைகள் பின்பக்கத்திலிருந்து மட்டும் அழுத்துகிறார்கள். போதவில்லை என்றால் இன்னும் பலமாக அழுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் உருவத்தோடு அதைச் சுற்றியிருக்கும் தளமும் சேர்ந்து எழும்பும், தகடு முழுவதும் வளைந்துகொள்ளும். உருவம் தனித்துத் தெரிய வேண்டுமானால் அதன் சுற்றுப்புறம் கீழே போக வேண்டும். தகட்டைத் திருப்பிப்போடும் பழக்கம் இதற்காகத்தான். இந்த வேலையில் நான் முதலில் கற்றுக்கொடுப்பதும் அதைத்தான்.

ஓர் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் மேலே இருக்கும்படி தகட்டை மெத்தென்ற தளத்தில் வைத்து, இலையின் உட்பகுதியை உருண்டை முனையுள்ள குச்சியால் சின்னச் சின்ன வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். ஓரளவு குழிந்ததும் திருப்பி, வழவழப்பான மேசைமேல் முன்பக்கம் தெரிய வைக்கவும். இப்போது இலையின் கோட்டை ஒட்டி, அதற்கு வெளியே குச்சியை ஓட்டித் தளத்தை மேசையோடு படிய அழுத்தினால் இலை சட்டென்று எழுந்து நிற்கும். மறுபடி திருப்பி மெத்தையில் வைத்து உட்பகுதியைத் தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படித் திருப்பினாலே நல்ல உயரம் கிடைக்கும். நரம்புகளைக் கடைசியில் முன்பக்கத்திலிருந்து கோடாக இழுத்தால் போதும்.

கிழிவதற்கும் இதில்தான் பதில் இருக்கிறது. தகடு எழும்பும்போது புதிதாக உலோகம் எங்கிருந்தும் வருவதில்லை. இருப்பதுதான் இழுபட்டு மெலிகிறது. கூர்முனையால் ஒரே இடத்தில் குத்தினால் அந்த இடம் மட்டும் மெலிந்து ஓட்டை விழும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா கோடு போட நல்லது, பரப்பைத் தேய்க்க ஆகாது. அதற்கு ஐஸ் குச்சியின் முனையை உப்புத்தாளில் உருட்டித் தேய்த்துக் கொடுங்கள். அடியில் வைக்கும் மெத்தையையும் பாருங்கள். ஸ்பாஞ்சு என்றால் குச்சி அமுங்கிப்போய்த் தகடு கிழியும். பத்துப் பதினைந்து செய்தித்தாள்களை அடுக்கினாலோ பழைய மவுஸ் பேடு இருந்தாலோ சரியாக இருக்கும்.

எழுத்துப் பிரச்சினைக்கு எளிய வழி இருக்கிறது. நேராக எழுதிய தாளை முன்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, மேலே மெதுவாக வரையச் சொல்லுங்கள். அதே கோடு பின்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாகப் புடைத்துத் தெரியும். அந்தக் கோட்டுக்கு உள்ளே தேய்த்தால் முன்பக்கம் எழுத்து நேராகவே வரும்.

முதல் வகுப்பில் படமே வேண்டாம் என்பேன். ஆளுக்கு 5 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று கொடுத்து, ஒரு வட்டத்தை எழுப்பி, திருப்பி, தளத்தைப் படியவைக்கட்டும். அந்தக் கைப்பழக்கம் வந்த பிறகு பெரிய தகடு கொடுங்கள். மீன், இலை, பூ போன்ற அகன்ற வடிவங்கள் நன்றாக வரும். முகம் வரைய ஆசைப்படுவார்கள், அதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெட்டும் வேலையை நீங்களே செய்து, நான்கு விளிம்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிய பிறகே கையில் கொடுங்கள். கீழே விழும் நறுக்குகளை உடனே பெருக்கிவிட வேண்டும்.

முடித்த படத்தின் பின்புறக் குழிகளைக் களிமண்ணாலோ சுவர்ப் புட்டியாலோ நிரப்பிக் காயவைத்து அட்டையில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு கட்டைவிரல் பட்டாலே எல்லாம் அமுங்கிவிடும். அப்புறம் முன்பக்கத்தில் கைப்பிசுக்குப் போகத் துடைத்து, கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைப் பூசுங்கள். முழுதாகக் காய்வதற்குள், விரலில் இறுக்கிச் சுற்றிய துணியால் மேடுகளை மட்டும் துடைத்தால் பள்ளங்களில் கறுப்பு தங்கி, புடைப்பு இன்னும் ஆழமாகத் தெரியும். துணியைக் கசக்கிப் பிடித்துத் துடைத்தால் பள்ளத்தில் உள்ளதும் வந்துவிடும். செம்பைக் கறுப்பாக்கும் கந்தகக் கரைசலை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆவியும் நல்லதல்ல, அலுமினியத்தில் அது வேலையும் செய்யாது.

வீணான சமையலறை ஃபாயில் மிச்சம் இருந்தால் சின்ன வகுப்புக்குக் கொடுத்துவிடுங்கள். அட்டையில் நூலைக் கோலமாக ஒட்டி, மேலே ஃபாயிலை மூடி விரலால் தேய்த்தால் நூல் போன வழியே படம் எழும்பும். அவர்களுக்கு அது போதும்.