மோட்டாரை நிறுத்த மறந்தால் என்ன செய்வது? ஏ.டி.எச்.டி. உள்ள ஒரு வாசகியின் கேள்வி

கேள்வி: எனக்கு 36 வயது. வீடு தண்டையார்பேட்டையில், வேலை பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில். எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு) இருப்பதாகப் போன வருடம் மனநல மருத்துவர் சொன்னார். மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சாப்பிடுகிறேன். தலை கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் மோட்டாரைப் போட்டால் நிறுத்த மறந்துவிடுகிறேன். ஆபீஸுக்குத் தினமும் லேட். ஒரு ஃபைலை எடுத்தால் பாதியில் இன்னொன்றுக்குத் தாவுகிறேன். மாமியார் மெத்தனம் என்கிறார். அலாரம், ஆப், டைரி எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. வேறு என்னதான் செய்வது? எட்டு வயது மகளுக்கும் இது வருமா?

பதில்: முதலில் மோட்டார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாடித் தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நின்றுவிடும். நீங்கள் மறந்தாலும் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். 'இதற்கா நிபுணரைக் கேட்டேன்' என்று தோன்றும். நான் சொல்லப்போவது எல்லாமே ஏறக்குறைய இந்த ரகம்தான். ஞாபக சக்தியை வளர்க்கப் பாடுபடாதீர்கள். எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் ஞாபகமே தேவைப்படாதபடி வேலையை மாற்றிவிடுங்கள். ஈபி பில், கேபிள், இன்ஷூரன்ஸ் பிரீமியம் எல்லாம் வங்கியிலிருந்து தானே போகட்டும்.

உங்களிடம் கவனம் இல்லாமல் இல்லை. பிடித்த வேலை கிடைத்தால் சோறு தண்ணி மறந்து மூன்று மணி நேரம் உட்காருவீர்கள். அதை வேண்டிய பக்கம் திருப்பி, அங்கேயே பிடித்து வைப்பதுதான் கஷ்டம். பலன் எப்போதோ கிடைக்கப்போகும் சலிப்பான வேலையை இப்போது தொடங்க இந்த மூளைக்கு உந்துதல் பிறப்பதில்லை. புதியது, பிடித்தது, கழுத்துக்கு வந்த அவசரம் என்றால் உடனே பற்றிக்கொள்ளும். அதனால்தான் பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் படிவம்) லேட் சார்ஜ் விழப்போகும் நேரத்தில் உட்கார்ந்து கச்சிதமாக முடித்துவிடுவீர்கள். அதைப் பார்த்துவிட்டு மேனேஜர், 'மனசு வைத்தால் செய்கிற ஆள்தான், வைப்பதில்லை' என்பார். மாமியார் சொல்வதும் அதையேதான். இருவருமே பாதியை மட்டும் பார்க்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். அது தேவைப்படும் நிமிடத்தில் மனதுக்கு வருவதில்லை. எனவே அந்த நிமிடத்தில், அந்த இடத்தில், கண்ணில் இடிக்கிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். பீரோவுக்குள் இருக்கும் டைரி உங்களைப் பொறுத்தவரை இல்லாத டைரி.

ஆபீஸுக்கு லேட் ஆவதில் மெட்ரோவுக்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம். மின்சார ரயிலுக்கு நேரம் உண்டு, விட்டால் போச்சு. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய வசதி. உங்களுக்கு மட்டும் அதில் ஒரு பொறி இருக்கிறது: சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி என்பதால் எதுவுமே கடைசி வண்டி கிடையாது. 'அடுத்ததில் போய்க்கலாம்' என்று துணி மடிக்க ஆரம்பிப்பீர்கள். ஆகவே வண்டி நேரத்தை விட்டுவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தை முடிவு செய்யுங்கள். வீட்டுப் படியிலிருந்து தண்டையார்பேட்டை ஸ்டேஷன் நடைமேடை வரையும், ஹைகோர்ட் ஸ்டேஷனிலிருந்து உங்கள் நாற்காலி வரையும் ஒருநாள் போனில் நேரம் வைத்துப் பாருங்கள். நீங்கள் நினைத்திருப்பதைவிட நிச்சயம் அதிகமாக இருக்கும்; ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு நேரத்தைக் குறைத்து மதிப்பிடும் பழக்கம் உண்டு. அந்தக் கணக்கிலிருந்து பின்னோக்கி வாருங்கள். சமையலறையிலும் குளியலறையிலும் முள் ஓடும் கடிகாரம் ஒவ்வொன்று மாட்டுங்கள். போனில் மணி பார்க்கப் போனால் வாட்ஸாப்பையும் பார்த்துவிட்டுத்தான் வருவீர்கள். பை, சாவி, ஐடி கார்டு, மெட்ரோ கார்டு நான்கும் இரவே வாசல் ஆணியில் தொங்கட்டும். அதே தெருவிலிருந்து பாரிமுனைக்குப் போகும் அக்கா யாராவது இருந்தால் சேர்ந்து கிளம்புங்கள். கீழே ஒருவர் காத்து நிற்கிறார் என்பது எந்த அலாரத்தையும்விட பலமாக வேலை செய்யும்.

ஆபீஸில் பிரச்சினை தொடங்குவது போன் அடிக்கும்போது. பேசி முடித்துத் திரும்பினால் எங்கே விட்டோம் என்பது போயிருக்கும், கைக்கு அருகே கிடக்கும் வேறு ஃபைலை எடுத்துவிடுவீர்கள். போனை எடுப்பதற்கு முன்பே, மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, நிற்கும் இடத்தை ஒரு துண்டுத்தாளில் கிறுக்கி கீபோர்டு மேல் வையுங்கள்: 'இன்வாய்ஸ் 4, எடை சரிபார்'. நடுவில் தலைக்குள் வந்து விழும் 'பால் கார்டு, பாப்பா ஃபீஸ்' எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு நோட்டு, மேஜைமேல், திறந்தபடி. எழுதிவிட்டால் உடனே எழுந்து செய்யத் தேவையில்லை. வேலையை எழுதும்போதும் 'ஷிப்மென்ட் முடிக்கணும்' என்று எழுதாதீர்கள், அதைப் பார்த்தாலே கை ஓடாது. 'பேக்கிங் லிஸ்ட்டைத் திற' என்று எழுதுங்கள். சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் கை நகரும். மேஜைமேல் ஒரே ஒரு ஃபைல், மற்றவை முதுகுக்குப் பின்னால். தொடங்கவே முடியாத வேலையென்றால் அமைதியாக வேலை பார்க்கும் சக ஊழியர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். அவர் உதவ வேண்டாம், பக்கத்தில் இருந்தாலே போதும்.

இரண்டு வாரத்தில் ஆப் அலுத்துப்போவதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதுசாக இருக்கும்வரைதான் எதுவும் உங்கள் கண்ணில் படும். நோட்டு ஒன்றே இருக்கட்டும். நினைவூட்டும் தாளின் நிறத்தை, ஒட்டும் இடத்தை, அலாரத்தின் சத்தத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.

மாத்திரை பற்றி. மெத்தில்ஃபெனிடேட்டில் சாதா வகை சுமார் 4 மணி நேரமும், மெல்லக் கரையும் வகை 8 முதல் 12 மணி நேரமும் வேலை செய்யும். உங்களுடையது எது என்று டாக்டரிடம் கேட்டு, மண்டையை உடைக்கும் வேலைகளை அந்த நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எதில் உட்கார வேண்டும் என்பதை மாத்திரை சொல்லாது. அது வேலை செய்யத் தொடங்கும்போது கையில் ரீல்ஸ் இருந்தால் ரீல்ஸைத்தான் ஊன்றிப் பார்ப்பீர்கள். பசியை மந்தப்படுத்தும் என்பதால் காலையில் இட்லியாவது சாப்பிட்டுவிடுங்கள். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் அவ்வப்போது பார்க்க வேண்டும். அளவை நீங்களாகக் கூட்டக் குறைக்க வேண்டாம். கட்டுப்பாடு உள்ள மருந்து, எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் இருக்காது. தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் மேலே சொன்ன எதுவும் நடக்காது. இரவில் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

வீட்டுக்காரரை ஞாபகப்படுத்தும் ஆளாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். 'கேஸை ஆஃப் பண்ணியா' என்று ஒருவர் தினமும் கேட்க, மற்றவர் எரிச்சலோடு பதில் சொல்ல, அது வேறு இடத்தில் போய் நிற்கும். மாமியாரிடம் நோயின் பெயரைச் சொல்லி விளக்கி ஜெயிப்பது கடினம். பதிலாக ஒரு வேலையை அவரிடம் கொடுத்து, ஒரு வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் பிடிப்பது, பால் காய்ச்சுவது போல நின்று பார்க்க வேண்டியவை அவருக்கு. கடை கண்ணிக்கு ஓடுவது உங்களுக்கு.

இதைப் படித்துவிட்டு 'எனக்கும் இதே மாதிரிதான்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும்தான் சாவியைத் தொலைக்கிறோம். ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, தூக்கக் குறைவு எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் தூரமில்லை. நேரில் போகத் தயக்கமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

மகளைப் பற்றி: ஏ.டி.எச்.டி. குடும்பவழி வரும் தன்மை அதிகம் உள்ள ஒன்று. அதனால் வாய்ப்பு உண்டு, வந்தே தீரும் என்பதில்லை. பெண் பிள்ளைகளிடம் ஓட்டமும் துள்ளலும் இல்லாமல், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாக மட்டும் இது தெரியலாம். யாருக்கும் தொந்தரவில்லை என்பதால் வகுப்பில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். உங்களுக்கே போன வருடம்தான் தெரிந்திருக்கிறது. கிளாஸ் டீச்சரிடம் 'படிக்கிறாளா' என்று கேட்காமல், 'எழுதத் தொடங்கினால் முடிக்கிறாளா, பாதியில் விடுகிறாளா, பொருளைத் தொலைக்கிறாளா' என்று கேளுங்கள். வீட்டில் நீங்கள் பார்ப்பதும் அவர் சொல்வதும் ஆறு மாதமாக ஒத்துப்போகிறது என்றால், அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் போகும்போது மகளையும் காட்டலாமா என்று கேட்டுவிடுங்கள். கேட்க மறக்காமலிருக்க, இப்போதே மருந்துச்சீட்டின் பின்னால் எழுதி வையுங்கள்.