லாரி நிற்கும் தெருவின் மழைநீரை உறைகிணற்றில் விடலாமா?

திருவொற்றியூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் தெரு 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். கன்டெய்னர் லாரிகள் ஒதுங்கி நிற்பதால், மழை பெய்ததும் எண்ணெய் மிதக்கும் கறுப்புத் தண்ணீர் வடிகால் வழியே பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. சாலையோரம் உறைகிணறு இறக்கி அதில் விட்டால் போதுமா?"

வேண்டாம். மொட்டைமாடி நீருக்குப் பொருந்தும் உறைகிணறு சாலை நீருக்குப் பொருந்தாது. கடலோர மணல் நிலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறிவிடும். உறையின் அடிக்கும் அந்நீருக்கும் இடையே குறைந்தது 1 மீட்டர் மண் இல்லாவிட்டால், டயர் தேய்மானத்தின் துத்தநாகமும் பிரேக்கின் செம்பும் சிந்திய டீசலும் அக்கம்பக்கத்துக் கைப்பம்புகளைச் சென்றடையக்கூடும்.

பெய்யும் மழை முழுவதையும் சுத்திகரிக்க நினைக்க வேண்டாம். அழுக்கின் பெரும்பகுதி முதல் நீரோடுதான் வரும். உங்கள் தெருவில் முதல் 10 மி.மீ. மழை என்பது 6,000 லிட்டர். அதைப் பிடித்து வடிகட்டி, மிச்சத்தை வடிகாலுக்கே விட்டுவிடலாம்.

வடிகாலுக்கு முன் வண்டல் வடிகட்டித் தொட்டி மட்டும் கட்டினால் போதாதா என்று பலர் கேட்பதுண்டு. மணிக்கு 50 மி.மீ. மழையில் உங்கள் தெருவிலிருந்து விநாடிக்குச் சுமார் 8 லிட்டர் வரும். 0.1 மி.மீ. மணல் விநாடிக்குச் சுமார் 8 மி.மீ. வேகத்தில் படிவதால், அதைப் பிடிக்க 1 சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டி போதும். ஆனால் உலோகங்கள் ஒட்டியிருப்பது பெரும்பாலும் நுண்வண்டலில், 0.01 மி.மீ. துகள் படிய நூறு மடங்கு பரப்பு வேண்டும், அதற்குத் தெருவில் இடமேது?

ஆகவே தொட்டியை அடுத்து, 20 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழமுள்ள பள்ளத்தில் முதல் நீரைத் தேக்கி, அதன் கீழே அரை மீட்டர் மணல் அடுக்கு வழியாக வடித்து, அடியில் துளையிட்ட பைப் மூலம் வடிகாலில் சேர்ப்பதே நடைமுறைக்கு ஏற்றது. அவ்வளவு இடம் கிடைக்காவிட்டால் பாதி நீளமாவது அமையுங்கள். தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் துளையில், வாய் நீருக்குள் மூழ்கியிருக்கும்படி கீழ்நோக்கிய எல்போ (வளைந்த பைப் துண்டு) பொருத்தினால் எண்ணெய் மேலேயே தங்கிவிடும். சிறிய செலவு, பெரிய பயன். தேங்கிய நீர் ஒரு நாளுக்குள் வடிய வேண்டும், இல்லையேல் கொசு.

சித்திரை வெயிலிலும் வடிகாலில் நீர் ஓடினால் அது கழிவுநீர் இணைப்பு. முதலில் அதைத் துண்டிக்காமல் இவ்வளவும் வீண்.

மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் அனுமதி பெறும்போதே, தூர்வாருவது யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புரட்டாசியிலேயே தொட்டியைக் காலி செய்து, மணலின் மேற்பரப்பில் படிந்த கறுப்பு அடுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். அள்ளிய வண்டலைத் தொட்டியருகே குவித்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். அடுத்த மழை அதை மீண்டும் உள்ளே தள்ளிவிடும் என்பதால் அன்றே வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.